ஓஸ்லோவில் மின்கார்: இலவச இடத்திலிருந்து கட்டண இடம் வரை

நார்வேயில் நகராட்சிகளின் கட்டண நிறுத்தங்களில் மின்கார்கள் காசு கொடுக்காமல் நிற்கலாம் என்ற விதி 1999இல் வந்தது. தலைநகர் ஓஸ்லோவில் ஒரு கார் அந்தச் சலுகையைப் பத்தாண்டு முன்பே தானாக எடுத்துக்கொண்டிருந்தது. பெலோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான ஃப்ரெடெரிக் ஹௌகே, அ-ஹா இசைக்குழுவின் மோர்ட்டன் ஹார்கெட், மாக்னே ஃபுருஹோல்மன் ஆகியோர் 1989இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு ஃபியட் பாண்டாவைக் கொண்டுவந்தார்கள். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பொருத்தப்பட்ட கார் அது. 1990 பிப்ரவரியில் ஓஸ்லோவைச் சுற்றிச் சுங்க வளையம் திறக்கப்பட்டபோது அந்தக் கார் சுங்கம் கட்டாமலே சாவடிகளைக் கடந்தது. நிறுத்தக் கட்டணமும் கட்டவில்லை. அபராதச் சீட்டுகள் சேர்ந்தன. அதிகாரிகள் காரைப் பறித்து ஏலம் விட்டார்கள். ஏலத்தில் அதே கூட்டம் திரும்ப வாங்கி, மறுபடியும் சாவடிக்கு ஓட்டிப்போனது. உலகப் புகழ் பெற்ற பாடகர் ஓட்டும் கார் என்பதால் பத்திரிகைகள் ஒவ்வொரு சுற்றையும் எழுதின.

அவர்கள் கேட்டவை அதிகமில்லை. மின்காருக்கு வரி வேண்டாம், சுங்கம் வேண்டாம், நகரில் நிற்கக் காசு வேண்டாம். அடுத்த இருபது ஆண்டுகளில் இவை ஒவ்வொன்றாகக் கிடைத்தன. வாகனக் கொள்முதல் வரியிலிருந்து 1990இல் தற்காலிக விலக்கு வந்தது, 1996இல் அது நிலையானது. 1997இல் சுங்க விலக்கும் 1999இல் இலவச நிறுத்தமும் வந்தன. 2001இல் மதிப்புக் கூட்டு வரி நீக்கப்பட்டது. 2003இல் ஓஸ்லோ வட்டாரத்தில் பேருந்துத் தடங்கள் சோதனையாக மின்கார்களுக்குத் திறந்துவிடப்பட்டு, 2005இல் நாடு முழுவதற்கும் நிலைத்தன. 2009இல் தேசிய நெடுஞ்சாலைகளை இணைக்கும் படகுகளிலும் மின்காருக்குக் கட்டணம் போயிற்று.

இந்தத் தாராளத்துக்குச் சூழல் அக்கறை மட்டும் காரணம் அல்ல. நார்வேயில் அப்போது சொந்தமாக ஒரு மின்கார்த் தொழில் முளைத்துக்கொண்டிருந்தது. 1991இல் தொடங்கிய பிவ்கோ என்ற நிறுவனம் 1994 லில்லேஹாம்மர் குளிர்கால ஒலிம்பிக்கில் தன் சிறுகார்களை ஓட்டிக் காட்டியது. பின்னர் அது திங்க் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1999இல் ஃபோர்டு அதை வாங்கி, சில ஆண்டுகளில் கைவிட்டது. டென்மார்க்கில் பிறந்த கேவெட் என்ற கார் ஓஸ்லோவுக்கு வந்து படி (Buddy) என்ற பெயரில் தயாரானது. வரி விலக்குகள் உள்ளூர்த் தொழிலைத் தாங்கிப் பிடிக்கும் என்று அரசு நம்பியது. தொழில் தப்பவில்லை, திங்க் பலமுறை நொடித்து, 2011இல் கடைசியாக விழுந்தது. யாருக்காகச் சலுகைகள் வகுக்கப்பட்டனவோ அவர்கள் போனபின் வெளிநாட்டுக் கார்கள் அவற்றை அனுபவித்தன.

1999இல் மின்கார்களுக்குத் தனிப் பதிவெண் பலகையும் வந்தது. எண்ணுக்கு முன்னால் ஈ, எல் என்ற இரண்டு ரோமன் எழுத்துகள். பார்க்கச் சாதாரணமான இந்த ஏற்பாடு இல்லாமல் மற்ற விதிகள் நடைமுறைக்கு வந்திருக்க முடியாது. நிறுத்தக் கண்காணிப்பாளர் காரின் பானட்டைத் திறந்து பார்க்க மாட்டார். பேருந்துத் தடத்தில் நிற்கும் போலீஸ்காரருக்கும் நேரம் இல்லை. தூரத்திலிருந்தே எழுத்தைப் படித்து அபராதமா இல்லையா என்று முடிவு செய்ய முடிந்தது. 2016இல் அந்த வரிசை எண்கள் தீர்ந்துபோய், அடுத்த எழுத்து வரிசை தொடங்கவேண்டியதாயிற்று.

இலவச நிறுத்தம் தொடக்கத்தில் நகராட்சிக்கு ஏறக்குறையச் செலவே வைக்கவில்லை. தெருவில் இருந்தவை படி, திங்க், பிரான்சிலிருந்து பழையதாக வந்த சில பெஜோ, சித்ரோன் கார்கள். படியின் நீளம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு. மூன்று பேர் ஒரே வரிசையில் தோளோடு தோள் உட்காரவேண்டும். ஒரு சாதாரணக் காரின் இடத்தில் இரண்டு படிகள் நின்றுவிடும். இப்படிப்பட்ட வண்டியைக் கடுங்குளிர் நாட்டில் ஓட்ட முன்வந்தவர்கள் சொற்பம். அவர்களிடம் நிறுத்தக் கட்டணம் வசூலித்து நகராட்சி பெரிதாக ஒன்றும் சேர்த்திருக்க முடியாது.

அந்த ஆண்டுகளில் நிறுத்தம் வேறு, மின்னேற்றம் வேறு. சொந்த வீடும் வாகனக் கொட்டகையும் உள்ளவர் இரவில் சுவரில் உள்ள பிளக்கில் காரைச் செருகிவைத்தார். நகருக்குள் வந்தால் சும்மா நிறுத்தினார். ஓஸ்லோவின் உள்வட்டங்களில், ஃப்ரோக்னர், க்ரூனர்லக்கா போன்ற பகுதிகளில், பழைய செங்கல் அடுக்குமாடிகளில் கொட்டகை கிடையாது. கார் தெருவில்தான் தூங்கும். மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து நடைபாதை குறுக்கே ஒயர் இழுக்க முடியாது. ஆகவே சலுகைகள் அனைத்தும் காகிதத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், புறநகர்த் தனிவீட்டுக்காரரே அவற்றைப் பயன்படுத்த முடிந்தது.

இந்தக் குறையைச் சரிசெய்ய ஓஸ்லோ நகராட்சி 2008இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2011க்குள் பொதுவிடங்களில் 400 மின்னேற்ற முனைகள் என்பது இலக்கு. ஒரு நகராட்சி இந்த அளவில் இறங்குவது அப்போது புதிது. முதல் கம்பங்களில் இருந்தது வீட்டுச் சுவரில் இருக்கும் அதே 230 வோல்ட் பிளக். ஒரு பூட்டிய சிறு பெட்டி, உள்ளே பிளக், அவ்வளவே. சாவி மின்கார் சங்கத்தின் உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்டது. 1995இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்துக்கு இந்தச் சாவியே பெரிய ஆள்சேர்ப்புக் கருவியாக அமைந்தது என்று சொல்லலாம். 2009இல் தேசிய அரசும் பொருளாதார ஊக்கத் தொகையிலிருந்து மின்னேற்ற முனைகளுக்குப் பணம் ஒதுக்கியதால் பல நகரங்களில் இத்தகைய கம்பங்கள் எழுந்தன.

நகராட்சிக் கம்பத்தில் இடமும் இலவசம், மின்சாரமும் இலவசம். பின்னால் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியதில் பிறந்தவை. வீட்டுப் பிளக்கில் மணிக்கு இரண்டு மூன்று கிலோவாட்-மணி மின்சாரமே ஏறும். அதன் விலை சில குரோனர். நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் அருவிகளிலிருந்து வருகிறது, மலிவு. ஆனால் ஓஸ்லோவின் நடுவில் பகல் முழுவதும் கார் நிறுத்தும் இடத்தின் விலை அதைவிடப் பல மடங்கு. ஆக நகராட்சி கொடுத்த பரிசின் பெரும்பகுதி மின்சாரத்தில் இல்லை, தரையில் இருந்தது. பெற்றவர்கள் அதை உடனே புரிந்துகொண்டார்கள். காலையில் அலுவலகம் வருபவர் ஒயரைச் செருகிவிட்டுப் போனால், இரண்டு மணி நேரத்தில் மின்கலம் நிறைந்தாலும் மாலை ஐந்து மணிக்குத்தான் காரை எடுப்பார். பக்கத்து மாடியில் குடியிருந்து, உண்மையில் மின்னேற்றம் தேவைப்படுபவருக்கு அந்தக் கம்பம் கிடைக்காது.

சலுகையின் அளவு மக்களின் நடத்தையை எவ்வளவு மாற்றும் என்பதற்குத் துல்லியமான சான்று ஓஸ்லோவில் இல்லை. தென்மேற்கே ரோகலாண்ட் மாவட்டத்தின் ஃபின்னய் தீவில் இருக்கிறது. 2009 அக்டோபரில் அந்தத் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. கட்டிய கடனை அடைக்க விதித்த சுங்கம் கடுமையானது. தினமும் ஸ்டவாங்கர் பக்கம் வேலைக்குப் போய்வரும் தீவுவாசிக்கு ஆண்டுச் சுங்கம் ஒரு பழைய காரின் விலையை எட்டும் அளவுக்குப் போனது. மின்காருக்குச் சுங்கமே இல்லை. விவசாயிகளும் ஆசிரியர்களும் வரிசையாக மின்கார் வாங்கினார்கள். தலைக்கு எத்தனை மின்கார் என்று பார்த்தால் ஃபின்னய் சில காலம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. கடன் அடைக்கப் போட்ட கணக்கில் சுங்கம் கட்டும் கார்களே குறைந்துபோயின. சலுகையின் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்வியைச் சூழல் ஆர்வலர்களைவிடச் சுங்கக் கணக்கர்கள் முன்னதாகவே கேட்டதற்கு இதுவே காரணம்.

2011இல் நிசான் லீஃப் வந்தது. நான்கு கதவு, ஐந்து இருக்கை, சூடேற்றி எல்லாம் உள்ள முழுக் கார். 2013இல் டெஸ்லாவின் மாடல் எஸ் வந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் நார்வேயில் மிக அதிகம் விற்ற கார் என்ற இடத்தைப் பிடித்தது. இரண்டரை மீட்டர்ப் பொம்மை வண்டிக்கு வகுத்த விதிகள் ஐந்து மீட்டர்ச் சொகுசுக் காருக்கும் அப்படியே பொருந்தின. 2015 ஏப்ரலில் நாட்டில் 50,000ஆவது மின்கார் பதிவானது. வரிச் சலுகைகளுக்கு அரசு முன்பே வைத்திருந்த எல்லைக்கல் அந்த எண்தான். கணித்ததற்கு ஆண்டுகள் முன்பாகவே அதை எட்டியதால் எல்லாவற்றையும் மறுபடி பேசவேண்டிய கட்டாயம் வந்தது.

முதலில் நெருக்கியது பேருந்துத் தடம். ஓஸ்லோவுக்கு மேற்கே ஆஸ்கர், பேரும் என்ற வசதியான புறநகர்கள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் ஈ-18 நெடுஞ்சாலையில் காலை நெரிசல் பேர்போனது. இதற்கு முன்பு சிறுபேருந்துகளும் அந்தத் தடத்தில் போகலாம் என்று இருந்தபோது, அதற்காகவே சிறுபேருந்து வாங்கித் தனியாக ஓட்டிவந்தவர்கள் உண்டு; அந்த வாசல் மூடியதும் மின்காருக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் நெரிசல் நேரத்தில் பேருந்துத் தடத்தில் பேருந்துகளைவிட மின்கார்கள் பல மடங்கு அதிகம் ஓடின. ஐம்பது பேரை ஏற்றிய பேருந்து, ஒருவர் மட்டும் உட்கார்ந்த கார்களின் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்தது. 2015இல் அந்தச் சாலையில் நெரிசல் நேரத்தில் ஓட்டுநரோடு இன்னொருவராவது இருந்தால்தான் மின்கார் பேருந்துத் தடத்தில் போகலாம் என்று விதி வந்தது. அடுத்த ஆண்டு இப்படிக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ளூர் நிர்வாகங்களுக்கும் தரப்பட்டது. பொதுச் சாலையில் ஒரு சலுகை பின்வாங்கப்பட்டதில் இதுவே முதல் பெரிய படி.

நிறுத்தத்தில் மாற்றம் மெதுவாக வந்தது. அதற்குச் சட்ட அமைப்பும் ஒரு காரணம். 1999ஆம் ஆண்டின் இலவச நிறுத்தம் நகராட்சிகள் தாமாகக் கொடுத்தது அல்ல. தேசிய ஒழுங்குவிதி அவற்றின் மேல் சுமத்தியது. நகராட்சி விரும்பினாலும் மின்காரிடம் காசு வாங்க முடியாது. தனியார் நிறுத்தகங்களோ அந்த விதிக்கு வெளியே இருந்தன, அவை தங்கள் இஷ்டப்படி வாங்கின. 2017 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய நிறுத்த ஒழுங்குவிதி இந்த நிலையை மாற்றியது. பொதுமக்களுக்குத் திறந்த நிறுத்தங்கள், நகராட்சியுடையதானாலும் தனியாருடையதானாலும், ஒரே விதித்தொகுப்புக்குள் வந்தன. மின்காருக்குக் கட்டணம் உண்டா இல்லையா என்பதை இனி அந்தந்த நகராட்சி முடிவு செய்யலாம். மின்னேற்ற வசதிக்கும் கடமை வந்தது: தேவைக்குத் தக்கபடி, மொத்த இடங்களில் 6 சதவீதம் வரை, மின்னேற்ற வசதியோடு ஒதுக்கவேண்டும். 2018 முதல் மின்காரிடம் வாங்கும் நிறுத்தக் கட்டணம் பெட்ரோல் கார் கட்டுவதில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்ற தேசிய உச்சவரம்பு பேசி முடிவானது. சுங்கத்துக்கும் படகுக்கும் இதே பாதி வரம்பு வந்தது; 2023 முதல் சுங்கத்தில் அது 70 சதவீதமாக உயர்ந்தது.

மின்னேற்ற இடத்தில் ஒயர் செருகாமல் நிற்கும் மின்காரை என்ன செய்வது என்பது பல நாடுகளில் தீராத சண்டை. நார்வேயின் விடை நேரடியானது. மின்னேற்றத்துக்கென்று பலகை வைத்த இடத்தில் மின்னேற்றம் நடக்கும் நேரம் மட்டுமே நிற்கலாம். மின்கார் என்பதே போதிய தகுதி அல்ல. பெட்ரோல் கார் நின்றால் அபராதம், ஒயர் செருகாத மின்கார் நின்றாலும் அபராதம். ஆனால் மின்கலம் நிறைந்தபின் ஒயர் தொங்கிக்கொண்டே நிற்கும் காரைப் பிடிப்பது கண்காணிப்பாளருக்கு எளிதல்ல. பலகையால் முடியாததைக் கட்டணத்தால் செய்யலாம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

இதே காலத்தில் ஓஸ்லோ வேறொரு திசையிலும் நகர்ந்தது. 2015இல் பதவிக்கு வந்த நகர நிர்வாகம் நடுநகரத்தைக் கார்களிடமிருந்து மீட்கப்போவதாக அறிவித்தது. 2017 முதல் 2019க்குள் உள்வட்டத்தில் தெருவோர நிறுத்த இடங்கள் 700க்கு மேல் நீக்கப்பட்டன. அங்கே பெஞ்சுகள், மிதிவண்டித் தடங்கள், செடித்தொட்டிகள் வந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கும் மின்னேற்றத்துக்கும் சில இடங்கள் மட்டும் மிஞ்சின. புகை விடாத காரும் இடத்தை அடைக்கும் கார்தான் என்பது இங்கே முதல் தடவையாக நகரக் கொள்கையில் இடம்பெற்றது. கடைக்காரர்கள் வாடிக்கை குறையும் என்று எதிர்த்தார்கள். தெருவில் போன இடங்களுக்கு ஈடாக மூடிய நிறுத்தகங்களில் மின்னேற்றம் கூட்டப்பட்டது. அக்கர்ஷூஸ் கோட்டையின் அடியில் பாறையைக் குடைந்த நிறுத்தகத்தில் 86 மின்கார்கள் ஒரே சமயத்தில் ஒயர் செருகலாம். வுல்கான் பகுதியின் நிலவறை நிறுத்தகத்தில் ஏறக்குறைய நூறு முனைகள் வைக்கப்பட்டன. பகலில் அங்கே வணிகத்துக்கு வருபவர்களும் இரவில் சுற்றுவட்டக் குடியிருப்பாளர்களும் அவற்றைப் பகிர்ந்துகொண்டார்கள்.

2019இல் ஓஸ்லோ நகராட்சி தன் மின்னேற்ற இடங்களுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் ஓஸ்லோவின் சுங்க வளையத்திலும் மின்கார்கள் முதல்முறையாகக் காசு கட்டின. 1990இல் பாண்டா கட்ட மறுத்த அதே வளையம். பெட்ரோல் காரைவிட மிகக் குறைவான தொகைதான், ஆனாலும் கொதிப்பு இருந்தது. நிறுத்தக் கட்டணத்துக்கு அவ்வளவு எதிர்ப்பு எழவில்லை. காரணம் எளிது: இலவசம் என்பதால் எப்போதும் நிறைந்தே கிடந்த கம்பங்கள், நேரத்துக்குக் காசு என்றதும் காலியாகத் தொடங்கின. கட்டணம் கொடுத்தாவது இடம் கிடைத்தால் போதும் என்று காத்திருந்த மாடிக் குடியிருப்பாளருக்கு அது இழப்பாகத் தெரியவில்லை.

தெருவை விடச் சிக்கலானது அடுக்குமாடிகளின் பொது நிறுத்தகம். அங்கே இடம் ஒருவருடையது, சுவரும் மின்பலகையும் எல்லோருடையது. ஒருவர் தன் இடத்துக்கு ஒயர் இழுக்கக் கேட்டால், மின்காரே இல்லாத அண்டைவீட்டார் ஏன் செலவைப் பகிரவேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் சண்டை வரும். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தனியுடைமை அடுக்கக வீட்டுச் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் நிர்வாகக் குழு மறுக்க முடியாது என்று வகுத்தது. நார்வேயில் ஏராளமான வீடுகள் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களுடையவை. 2021 ஜனவரியில் அவற்றுக்கும் இதே உரிமை விரிந்தது. ஓஸ்லோ நகராட்சி இத்தகைய சங்கங்களுக்கு மானியமும் கொடுத்துவந்தது. தெருவில் ஒரு கம்பம் நடுவதைவிட, இருக்கும் நிறுத்தகத்தில் பொது மின்தடம் இழுப்பது நகருக்கு மலிவு.

இங்கே ஒரு தொழில்நுட்பத் தடையும் இருந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வீடுகளுக்கு 400 வோல்ட் மும்முனை மின்சாரம் நடுநிலைக் கம்பியோடு வருகிறது. நார்வேயின் பழைய வலையமைப்பில் பெரும்பாலும் 230 வோல்ட்தான், நடுநிலைக் கம்பி கிடையாது. வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த சார்ஜர்கள் இதில் மெதுவாக ஏற்றின. சில கார்கள் தொடக்கத்தில் ஏற்றவே மறுத்தன. பல வீட்டுச் சங்கங்கள் கண்ட தீர்வு சுமைப் பகிர்வு: முப்பது கார்கள் செருகியிருந்தாலும் கட்டடத்தின் மொத்த மின்சுமை வரம்பு தாண்டாதபடி ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் போகும் மின்னோட்டத்தைக் குறைத்தும் கூட்டியும் விடும். காலைக்குள் எல்லாம் நிறைந்துவிடும் என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை. வீட்டுப் பிளக்கில் நேரடியாக ஏற்றுவது நாளடைவில் ஒதுக்கப்பட்டது. மணிக்கணக்கில் முழுச்சுமை இழுத்தால் பழைய பிளக்குகள் சூடாகி உருகும் என்பதால், தனி மின்சுற்றும் அதற்கென்றே செய்த சார்ஜரும் வேண்டும் என்று மின் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின.

நகரங்களுக்கு வெளியே வேகச் சார்ஜர்களை அரசு உள்ளூர் விதிகளால் அல்லாமல் மானியத்தால் பரப்பியது. 2015இல் அரசின் எனோவா நிறுவனம், ஏறக்குறைய 7,500 கிலோமீட்டர் முதன்மைச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒன்றாக வேகச் சார்ஜர்கள் அமைக்க நிதி கொடுத்தது. பல நிறுவனங்கள் களம் இறங்கியதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி, ஒரு அட்டை என்று ஓட்டுநரின் கைப்பேசி நிரம்பியது. 2023 ஜூலைக்குப் பின் அமைக்கும் வேகச் சார்ஜர்களில் சாதாரண வங்கி அட்டையும் செல்லவேண்டும் என்ற விதி அந்தத் தொல்லைக்குப் பதிலாக வந்தது. வரிச் சலுகையும் அதே ஆண்டு சுருங்கியது: 500,000 குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு மதிப்புக் கூட்டு வரி திரும்பியது.

2024இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் மின்கார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பதிவில் உள்ள மின்கார்களின் எண்ணிக்கை, 754,303, முதல்முறையாகப் பெட்ரோல் கார்களின் எண்ணிக்கையான 753,905ஐத் தாண்டியது. டீசல் கார்கள் அப்போதும் இரண்டையும்விட அதிகம். நவம்பர் 1 முதல் ஓஸ்லோவில் ஓடும் டாக்ஸிகள் புகை விடாதவையாக இருக்கவேண்டும் என்ற நகர விதி நடைமுறைக்கு வந்தது. ஒருகாலத்தில் மின்காருக்குத் தனிச் சலுகையாகக் கொடுத்ததை, டாக்ஸிக்காரர் தொழில் நடத்தவே வேண்டிய நிபந்தனையாக நகராட்சி இப்போது எழுதியிருக்கிறது.